ஒரு சோறு பதம் பார்த்தால் போதுமா? சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையில் கல்லூரி முடித்து ஐடி வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு, டெஸ்டிங் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் முகம் வாடிவிடும். "ஏன், டெவலப்மெண்ட் கிடைக்கலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். கோட், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுத வராதவர்களுக்குக் கொடுக்கும் வேலை, யாரோ எழுதி முடித்ததைக் கடைசியில் ஒருமுறை தட்டிப் பார்க்கும் வேலை என்றுதான் வெளியே பேச்சு. நான் பதினாறு வருடமாக இதில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஒரு குழுவை நடத்துபவளாக. அலுவலகத்துக்கு உள்ளேயும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரு பிழை வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால் போதும், உடனே கேள்வி வரும்: "எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிட்டீங்கல்ல, அப்புறம் எப்படி வந்தது?"

கேட்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் டெஸ்ட் செய்ய முடியும் என்றும், அது கடைசியில் நடக்கும் ஒரு கட்டம் என்றும், தரத்துக்கு டெஸ்டர்தான் பொறுப்பு என்றும் அந்தக் கேள்வி நம்பிக்கொண்டிருக்கிறது. இவை எதுவும் உண்மையில்லை. ஏன் இல்லை என்பதை, கோட் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

சோற்றுப் பானையில் பலிப்பது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரி, ஏன் ஒரு சோறு போதுமாக இருக்கிறது? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. பானையில் எல்லாப் பருக்கையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வெந்திருக்கும். அதனால் ஒன்றை நசுக்கினால் மற்றவற்றின் கதை தெரிந்துவிடுகிறது. பாலம் கட்டுபவருக்கும் இந்த வசதி உண்டு. பத்து டன் லாரியைத் தாங்கிய பாலம் ஒன்பது டன் லாரியையும் தாங்கும், அதைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மென்பொருளில் அந்த வசதி கிடையாது. 32,767 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒழுங்காக ஓடும் புரோகிராம், 32,768 என்று கொடுத்ததும் அப்படியே நின்றுபோகலாம். கொஞ்சம் தள்ளாடி நிற்காது, ஒரே அடியாக நிற்கும். பானையில் ஒரு பருக்கை குழைந்திருக்க, பக்கத்துப் பருக்கை பச்சை அரிசியாகவே கிடப்பது மாதிரி.

அப்படியானால் எல்லாப் பருக்கையையும் பார்த்துவிடலாமே? ஒரு கணக்குப் போடுவோம். பத்து இலக்கம் வரை உள்ள இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது. அதற்குக் கொடுக்கக்கூடிய ஜோடிகள் எத்தனை? ஒன்றுக்குப் பின்னால் இருபது சைபர். நொடிக்குப் பத்து லட்சம் ஜோடிகளைச் சோதித்தாலும் முடிக்க முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இது வெறும் கூட்டல். வங்கிச் செயலியை நினைத்துப் பாருங்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: டெஸ்டிங் பிழை இருப்பதைக் காட்டும், பிழையே இல்லை என்று ஒருநாளும் காட்டாது.

ஆக, டெஸ்டரின் வேலை எந்தப் பருக்கைகளை எடுத்துப் பார்ப்பது என்று யோசிப்பது. இன்னதைக் கொடுத்தால் இன்னது வர வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்து, கொடுத்துப் பார்த்து, வந்ததோடு ஒப்பிடுகிறோம். அப்படி எழுதிய ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் கேஸ் என்று பெயர். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்றால் அதுதான் பக்.

விளிம்பில் நிற்கும் எண்கள்

புதிதாகக் குழுவில் சேருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி ரயில் டிக்கெட். நம் ரயில்வேயின் படுக்கை வகுப்புகளில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 வயது நிறைந்து 12 நிறையாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமென்றால், 2016 ஏப்ரலில் இருந்து, முழுக் கட்டணம். இந்த விதியைச் சோதிக்க எந்தெந்த வயதுகளைக் கொடுப்பீர்கள்?

பெரும்பாலானவர்கள் 3, 8, 30 என்று எழுதுவார்கள். தவறில்லை. ஒரே விதமாக நடத்தப்படும் வயதுகளை ஒரு கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒருவரை அழைத்துப் பார்க்கிறார்கள். பானைச் சோற்று யோசனை இங்கே ஓரளவு பலிக்கும். ஆனால் பக் நடுவில் அவ்வளவாக இருப்பதில்லை, விளிம்பில்தான் ஒளிந்திருக்கும். "5க்குக் குறைவாக" என்று எழுத வேண்டிய இடத்தில் "5 அல்லது அதற்குக் குறைவாக" என்று ஒருவர் எழுதிவிட்டால், 3, 8, 30 மூன்றும் சரியாகவே வரும். 5 மட்டும் தப்பாகும். அதனால் 4, 5, 11, 12 கட்டாயம் வேண்டும். அப்புறம் 0, மைனஸ் 1, 150, வெற்றிடம், எண்ணுக்குப் பதிலாக எழுத்து. இப்படி எல்லைக் கோட்டின் இருபுறமும் வைத்துப் பார்ப்பதை எல்லை மதிப்புச் சோதனை என்கிறோம்.

நம் மொழியிலேயே ஒரு விளிம்பு இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. கணினி சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைத்த கோட், எண்ணிக்கையைப் பார்த்து நடுவில் வெட்டினால் புள்ளி போய் "தமிழ" என்று நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

விளிம்பைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னால் மறக்க முடியாத உதாரணம் அரியேன் 5. ஐரோப்பாவின் அந்தப் புதிய ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. நாற்பது நொடிக்குள் வானத்தில் சிதறியது. அதோடு நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

ராக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடும் கருவியின் மென்பொருள் பழைய அரியேன் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அதில் பெரிய எண்களைத் தாங்கும் 64 பிட் இடத்திலிருந்து ஒரு மதிப்பை 16 பிட் இடத்துக்கு மாற்றும் வரி ஒன்று இருந்தது. அந்த 16 பிட் இடத்தில் கொள்ளக்கூடிய அதிகபட்ச எண் 32,767. அண்டாவில் இருப்பதைச் செம்பில் ஊற்றுகிற வேலை அது. அரியேன் 4இன் வேகத்தில் செம்பு ஒருநாளும் நிரம்பி வழிந்ததில்லை. அரியேன் 5 கிடைமட்டமாக இன்னும் வேகமாகப் பாயும். எண் கொள்ளவில்லை, கருவி பிழை என்று அறிவித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவி ஒன்று தயாராக இருந்தது. அதிலும் அதே மென்பொருள்தான். அது ஒரு கணம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பிழைச் செய்தியைப் பறக்கும் திசை என்று எடுத்துக்கொண்ட பிரதானக் கணினி, ராக்கெட்டைத் தவறாகத் திருப்பியது.

எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம் இரண்டு. பிழை செய்த அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அரியேன் 5க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டதால் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். இன்னொன்று, விசாரணைக் குழு கண்டது: அந்தக் கருவியை அரியேன் 5 பறக்கப்போகும் பாதையின் எண்களைக் கொடுத்து யாரும் சோதித்திருக்கவில்லை. பழைய பானையில் பதம் பார்த்துவிட்டு, புதிய பானையும் வெந்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. அதனால் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுக்கும்போது விளிம்புகளையும், சூழல் மாறியிருக்கும் இடங்களையும் முதலில் பார்க்கிறோம்.

சுவர் பூசும் முன்

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். குளியலறைச் சுவருக்குள் குழாய் பதித்ததும் நல்ல பிளம்பர் உடனே பூச விடமாட்டார். முனைகளை எல்லாம் அடைத்து, தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றி, சில மணி நேரம் விட்டுப் பார்ப்பார். கசிந்தால், கசியும் மூட்டு எதுவோ அதை மட்டும் மாற்றினால் போதும். பூசி, டைல்ஸ் ஒட்டி, குடிபோன பிறகு கசிந்தால்? டைல்ஸை உடைக்க வேண்டும், கசிவு எந்த மூட்டில் என்று தேட வேண்டும், கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மென்பொருள் சோதனையிலும் இதே அடுக்குகள் உண்டு. ஒரு குழாயை மட்டும் தனியாகப் பார்ப்பது யூனிட் டெஸ்ட். கோடின் மிகச் சிறிய ஒரு பகுதியை, சுற்றியிருப்பது எதுவும் இல்லாமல், சோதிக்கும் குட்டிக் கோட் அது. வயதைக் கொடுத்தால் கட்டணம் சொல்லும் அந்த ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது போல. இதை எழுதுவது பெரும்பாலும் டெவலப்பரே, அதாவது அந்தக் கோடை எழுதியவரே. ஆயிரக்கணக்கில் எழுதி வைத்தாலும் சில நிமிடங்களில் ஓடி முடியும். 1997இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் ஒரு நீண்ட விமானப் பயணத்தில் ஜேயூனிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார்கள். ஜாவா என்ற கணினி மொழியில் வேலை செய்பவர்களிடையே யூனிட் டெஸ்ட் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. முதலில் டெஸ்டை எழுதி, அது தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு அது ஜெயிக்கும் அளவுக்குக் கோட் எழுதும் முறையையும் கென்ட் பெக் பிரபலமாக்கினார்.

குழாயும் தொட்டியும் சேரும் இடத்தைப் பார்ப்பது இன்டக்ரேஷன் டெஸ்ட். இரண்டு பகுதிகளும் தனித்தனியே சரியாக இருந்தும் சேரும்போது கெட்டுப்போகும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது அப்படித்தான். தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசையை அமெரிக்கப் பவுண்டு அளவில் சொன்னது, அதை வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் அளவில் வருகிறது என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் சுமார் நாலரை மடங்கு வித்தியாசம். இரு பக்கமும் தன் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தது. தப்பு நடுவில், மூட்டில்.

கடைசியாக, மாடியில் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது என்ட் டு என்ட் டெஸ்ட். பயனர் செய்வது போலவே உள்ளே நுழைந்து, டிக்கெட் எடுத்து, பணம் கட்டி, ரசீது வரை போவது. நம்பிக்கை தருவது இதுதான், ஆனால் மெதுவானது, செலவு அதிகம். தண்ணீர் வரவில்லை என்று மட்டும் சொல்லும், எந்த மூட்டு என்று சொல்லாது. அதனால் அடியில் யூனிட் டெஸ்ட் நிறைய, நடுவில் இன்டக்ரேஷன் கொஞ்சம், உச்சியில் என்ட் டு என்ட் மிகச் சில என்று பிரமிடு போல அமைப்பது வழக்கம். பல குழுக்களில் இது தலைகீழாக இருக்கும். உச்சியில் கொட்டிக் கிடக்கும், அடியில் ஒன்றுமே இருக்காது.

"ஷிஃப்ட் லெஃப்ட்" என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். பலர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேலைத் திட்டத்தை இடமிருந்து வலமாகக் கோடு போட்டு வரைந்தால் டெஸ்டிங் வலது ஓரத்தில் இருக்கும். அதை இடப்பக்கம், அதாவது தொடக்கத்தை நோக்கி நகர்த்துவதுதான் அந்தச் சொல்லின் பொருள். பிளம்பர் சுவர் பூசும் முன் பார்ப்பது தவிர வேறொன்றுமில்லை. இன்னும் இடது பக்கம் போனால், குழாய் வாங்கும் முன்பே வரைபடத்தைப் பார்த்து "இந்த இடத்துல ரெண்டு லைன் குறுக்கே போகுதே?" என்று கேட்பது. நான் பார்த்த வரையில் அதைவிட மலிவான டெஸ்டிங் கிடையாது.

பச்சையும் சிவப்பும்

ஒன்றைச் சரிசெய்யப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று கெட்டுப்போவதை ரெக்ரஷன் என்பார்கள். இதைப் பிடிக்க, பழைய டெஸ்டுகளை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி ஓட்ட வேண்டும். மனிதர்களால் அதைத் தினமும் செய்ய முடியாது, கண் பழகிப் போய்விடும். அதனால் இயந்திரத்திடம் கொடுக்கிறோம். டெவலப்பர் தன் மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்ததும் ஒரு சர்வர் தானாக விழித்து, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, டெஸ்டுகளை ஓட்டி, பச்சை அல்லது சிவப்பு காட்டும். இந்த ஏற்பாட்டுக்குக் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன் என்று பெயர், சுருக்கமாக சிஐ. காலை பத்து மணிக்குச் செய்த தவறு பத்தேகாலுக்குத் தெரிந்துவிடும். செய்தவருக்கு இன்னும் நினைவில் இருக்கும்போதே தெரிவதுதான் இதன் பெரிய பலன்.

ஆனால் சிவப்பு உண்மையாக இருக்க வேண்டும். கோடில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒருமுறை பச்சை, மறுமுறை சிவப்பு என்று மாறி மாறிக் காட்டும் டெஸ்டுகள் உண்டு. நெட்வொர்க் தாமதம், நேரக் கணக்கு, டெஸ்டுகள் ஒன்றையொன்று இடறுவது என்று காரணங்கள் பல. இவற்றை ஃப்ளேக்கி டெஸ்ட் என்கிறோம். கூகுள் தன் டெஸ்டுகளில் சுமார் 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு இந்தக் கோளாறு இருப்பதாக 2016இல் வெளியிட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. புலி வருது புலி வருது என்று கத்திய பையன் கதை எல்லோருக்கும் தெரியும். சிவப்பைப் பார்த்ததும் "அது சும்மா, திரும்ப ஓட்டு" என்று ஒரு குழு சொல்லப் பழகிவிட்டால், நிஜப் புலி வரும் நாளிலும் அதையேதான் சொல்லும். என் குழுவில் ஒரு டெஸ்ட் இரண்டுமுறை காரணமில்லாமல் தோற்றால் அதை அன்றே வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறோம். சரிசெய்த பிறகுதான் திரும்ப வரும். நம்ப முடியாத ஐந்நூறைவிட நம்பக்கூடிய நூறு மேல்.

"ஆட்டோமேஷன் வந்துவிட்டால் டெஸ்டர் எதற்கு?" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் நாம் கேட்கச் சொன்ன கேள்வியை மட்டுமே கேட்கும். நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். குடும்பப் பெயர் கட்டாயம், அதுவும் குறைந்தது இரண்டு எழுத்து என்று கேட்கும் படிவத்தில் "எஸ்" என்ற இனிஷியலுக்கு உரிய ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. சிலர் தன் பெயரையே இரண்டுமுறை எழுதுவார்கள், அப்புறம் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று அலைவார்கள். இந்தப் படிவத்துக்கான ஆட்டோமேஷன் டெஸ்டுகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் அவற்றை எழுதியவர் மனதிலும் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. உட்கார்ந்து, "இதை என் அத்தை எப்படி நிரப்புவாங்க?" என்று யோசித்துத் தடவிப் பார்க்கும் ஒருவரால்தான் அது பிடிபடும். முன்கூட்டியே எழுதாமல், கண்டதிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும் இந்த முறைக்கு எக்ஸ்ப்ளோரட்டரி டெஸ்டிங் என்று பெயர். இந்த வேலையில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

சுருக்கமாக, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதை இயந்திரம் கேட்கட்டும். இதுவரை யாரும் கேட்காததை மனிதர் கேட்க வேண்டும்.

வெளியே அனுப்புவதும் சோதனைதான்

2024 ஜூலை 19 பலருக்கு நினைவிருக்கும். விமான நிலையங்களில் திரைகள் நீலமாகி நின்றன, இந்தியாவில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பால் விண்டோஸ் கணினிகள் சுமார் 85 லட்சம் முடங்கின. நடந்தது இது: அந்தக் கோப்பில் 21 விவரங்கள் இருக்கலாம் என்று மென்பொருளின் ஒரு பகுதி வரையறுத்திருந்தது, கணினியில் இருந்த கோட் 20 மட்டுமே கொடுத்தது. முந்தைய சோதனைகளில் 21ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்ற குறியீடு இருந்ததால் அந்த இடத்தைப் படிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அன்றைய கோப்பில்தான் முதன்முறையாக அங்கே ஒரு நிஜ மதிப்பு வந்தது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது. மறுபடியும் விளிம்பு.

78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளால் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பக்கை முன்பே பிடித்திருக்கலாமா என்பது ஒரு கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஏன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது என்பது. கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் முதலில் ஓர் இலையில் வைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் பந்தி. அதைப்போல, புதிய மாற்றத்தை நூறில் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, பிழைகள் கூடுகிறதா என்று கவனித்து, பிறகு ஐந்து, இருபது, நூறு என்று விரிப்பதைக் கேனரி ரிலீஸ் என்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவை முன்கூட்டியே அறியக் கேனரிப் பறவையை எடுத்துப்போன வழக்கத்திலிருந்து வந்த பெயர். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகு, தப்பிவரும் பிழை எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு சீக்கிரம் பின்வாங்க முடியும் என்பதைத் திட்டமிடுவதும் டெஸ்டிங்கில் சேர்ந்துவிடுகிறது.

கயிற்றை இழுக்க யாருக்கு உரிமை

இனி, குழுவை நடத்துவது பற்றி. மேலே சொன்ன எல்லாக் கருவிகளும் இருந்தும் தரம் வராத குழுக்களைப் பார்த்திருக்கிறேன். கருவிக்கும் தரத்துக்கும் நடுவில், ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்லும் அந்த நிமிடம் இருக்கிறது. அங்கேதான் தலைமைக்கு வேலை.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய கோட் விழித்துக்கொண்டு பங்குகளைக் கண்டபடி வாங்கியும் விற்றும் தள்ளியது. விசாரணையில் தெரிந்த ஒரு விவரம் என்னை எப்போதும் உறுத்தும். அன்று சந்தை திறக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் கணினி, ஊழியர்கள் சிலருக்கு இந்தக் கோளாறைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படவில்லை, யாரும் வழக்கமாகப் படிப்பதுமில்லை. தகவல் இருந்தது, அது போய்ச்சேர வேண்டிய இடம்தான் இல்லை.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் பல காலம் உற்பத்தி வரிசை நெடுக ஒரு கயிறு தொங்கியது. எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசையே நிற்கும். வேறு ஆலைகள் பலவற்றில் வரிசையை நிறுத்துவது மேலாளரின் உரிமையாக இருந்த காலத்தில், அங்கே அது திருகு முடுக்குபவரின் கடமையாக இருந்தது. கயிறு கட்டுவது எளிது. இழுத்தவரைத் தலைவர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. பல வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ரிலீஸுக்கு முந்தைய கூட்டம். சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண், பணம் கட்டியதும் சில நேரம் ரசீது இரண்டாக வருகிறது என்றாள். எப்போது வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. மேலாளர், "ஏன்மா, இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல? இப்ப சொல்லி என்ன பண்றது?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எதுவும் பேசவில்லை. ரிலீஸ் போனது, திங்கட்கிழமை புகார்கள் வந்தன, சரிசெய்தோம். அது பெரிய விஷயமில்லை. அடுத்த மூன்று ரிலீஸ் கூட்டங்களிலும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அதுதான் பெரிய இழப்பு. அதற்கு நானும் காரணம்.

எமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன. நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். பயமின்றிச் சொல்ல முடிகிற அந்த நிலையை அவர் உளவியல் பாதுகாப்பு என்று அழைத்தார்.

இதை நேராக நம் வேலைக்குக் கொண்டுவரலாம். பக் எண்ணிக்கையை வைத்து ஆட்களை மதிப்பிட்டால் என்ன நடக்கும்? டெஸ்டருக்கு "அதிகம் கண்டுபிடி" என்று இலக்கு வைத்தால் ஒரு எழுத்துப்பிழையை ஐந்து பக்காகப் பதிவு செய்வார். டெவலப்பருக்கு "பக் குறைவாக இருக்க வேண்டும்" என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் "இது பக் இல்லை, இப்படித்தான் கேட்டீங்க" என்று வாதாடுவார். இருவரும் கெட்டவர்கள் இல்லை, அளவுகோல் அவர்களை அப்படி ஆக்குகிறது. கோட் கவரேஜ் என்ற எண்ணும் இப்படித்தான். டெஸ்டுகள் ஓடும்போது கோடின் எத்தனை சதவீத வரிகள் தொடப்பட்டன என்று அது சொல்லும். தொட்டது சரியா தப்பா என்று சொல்லாது. எதையுமே ஒப்பிடாமல் வெறுமனே ஓடிப்போகும் டெஸ்டாலும் 90 சதவீதம் காட்ட முடியும். எந்தப் பகுதியை யாருமே தொடவில்லை என்று அறிய அது உதவும். ஆளுக்கு மதிப்பெண் போட உதவாது.

அப்புறம், "க்யூஏ ஓகே சொல்லிட்டாங்களா?" என்ற பழக்கம். க்யூஏ என்று டெஸ்டிங் குழுவைத்தான் சொல்வார்கள். இதில் டெஸ்டர் காவல்காரர் ஆகிவிடுகிறார், மற்ற எல்லோரும் கதவு வரை ஓடிவந்து தள்ளுபவர்கள் ஆகிவிடுகிறார்கள். என் குழுவில் நாங்கள் ஓகே சொல்வதில்லை. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, எது எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று மூன்று பத்தி எழுதித் தருகிறோம். அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவர் முடிவு செய்வார். முதல் சில மாதங்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பார்க்காததை எழுத்தில் படித்த பிறகு, அதைப் பார்க்க இரண்டு நாள் கொடுங்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

பிழை வெளியே போய்விட்டால் கூடி உட்கார்ந்து பேசுகிறோம். அங்கே ஆள் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. "அவர் ஏன் கவனிக்கவில்லை?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "கவனிக்க முடியாதபடி எது இருந்தது?" என்று தொடங்கினால் வரைபடம் வரைகிற அளவுக்கு நீளும். கெட்ட செய்தியோடு வருபவரிடம் நான் சொல்லும் முதல் சொல் "நன்றி" ஆக இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த பழக்கம் அது.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு அதே ரயில் டிக்கெட் பயிற்சியைக் கொடுத்தேன். மற்றவர்கள் 4, 5, 11, 12 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் எழுதாமல் கை தூக்கினார். "அக்கா, டிக்கெட் எடுக்கிற அன்னிக்குக் குழந்தைக்கு நாலு வயசு. போற அன்னிக்கு அஞ்சு நிறையுது. எந்தத் தேதியை எடுத்துக்கணும்?" பல வருடமாக அந்தப் பயிற்சியைக் கொடுத்துவருகிறேன். யாரும் அதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

அடுத்த வாரம் வேறொரு திட்டத்தின் முதல் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். வயதை வைத்துக் கட்டணம் கணக்கிடும் ஒரு பகுதியைப் பலகையில் வரைந்திருந்தார்கள். ஒரு வரி கோட் கூட இன்னும் எழுதப்படவில்லை. அவர் தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டார். வரைந்துகொண்டிருந்த டெவலப்பர் மார்க்கரை மூடி வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்குப் ஃபோன் போட்டார்.